ஃபாரெக்ஸ் கட்டணம் இல்லாத கிரெடிட் கார்டு: எந்தக் கட்டணம் இல்லை, எது மிஞ்சுகிறது?

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு உறவினரும் நண்பர்களும் சொல்லியனுப்பும் அறிவுரைகளில் அண்மைக் காலமாக ஒன்று கூடியிருக்கிறது: "ஜீரோ ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போகாது." இதன் முதல் பாதி நல்ல யோசனை, இரண்டாம் பாதி சரியன்று. இந்திய வங்கி தந்த கிரெடிட் கார்டைக் கொண்டு வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பொருளை வாங்கும்போது விலை மூன்று இடங்களில் ஏறக்கூடும். அந்த மூன்றில் ஒன்றை, அதாவது வங்கி சேர்க்கும் ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) கட்டணத்தை மட்டுமே இத்தகைய கார்டு நீக்குகிறது. மற்ற இரண்டில் ஒன்று மிகச் சிறியது, தவிர்க்க முடியாதது. இன்னொன்று பெரியது; ஆனால் பணம் செலுத்தும் நேரத்தில் ஒரு பொத்தானைச் சரியாக அழுத்தினால் அதை முழுவதுமாகத் தவிர்த்துவிடலாம். அந்தப் பொத்தானைப் பற்றி அறியாதவரிடம் எவ்வளவு நல்ல கார்டு இருந்தாலும், சாதாரண கார்டு வைத்திருப்பவரைவிட அவர் கூடுதலாகச் செலவழிக்க நேரலாம். அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நகைக் கடைக் கணக்கு

தங்க நகை வாங்கிய எவருக்கும் இந்தக் கணக்கு ஏற்கெனவே பாதி தெரியும். கடைப் பலகையில் அன்றைய கிராம் விலை எழுதியிருக்கும். அதை எடையால் பெருக்கி வரும் தொகையை மட்டும் கொடுத்துவிட்டு எவரும் நகையோடு வெளியே வந்ததில்லை. செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி என்று பில் நீளும். "எங்களிடம் சேதாரம் இல்லை" என்று ஒரு கடை விளம்பரம் செய்தால், விவரம் அறிந்தவர் மகிழ்ந்துவிட மாட்டார், "கிராம் என்ன விலைக்குப் போடுகிறீர்கள்?" என்று கேட்பார். சேதாரத்தில் விட்டுக்கொடுத்ததைக் கிராம் விலையில் ஏற்றிவிட முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

பிற நாட்டுப் பணத்தை வாங்குவதிலும் இதே இரண்டு கூறுகள்தாம் உள்ளன. ஒன்று, மாற்று விகிதம்: ஒரு டாலருக்கோ யூரோவுக்கோ எத்தனை ரூபாய் என்ற கணக்கு. மற்றொன்று, அதற்கு மேல் வெளிப்படையாக வாங்கப்படும் கட்டணம். இவற்றுள் ஒன்றைச் சுழியமாக்கிவிட்டு மற்றொன்றில் ஈட்டிக்கொள்வது எப்போதும் இயலும். விமான நிலையத்தில் பணம் மாற்றித்தரும் முகப்புகளில் "கமிஷன் இல்லை" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மையே. அந்தப் பலகையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள அகலமான இடைவெளியில்தான் அவர்களுடைய வருமானம் இருக்கிறது. எனவே, எந்தக் கார்டையோ பணமாற்று வழியையோ மதிப்பிடும்போதும், கட்டணம் எவ்வளவு என்பதோடு எந்த விகிதத்தின்மீது அந்தக் கட்டணம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கார்டைத் தேய்த்த பிறகு நடப்பது

சிங்கப்பூரில் ஒரு கடையில் 200 சிங்கப்பூர் டாலருக்குப் பொருள் வாங்கி, சென்னையில் பெற்ற கிரெடிட் கார்டை நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு ரூபாய் தேவையில்லை. அவருக்கு 200 டாலர் அவருடைய வங்கியில் வந்து சேர வேண்டும். நமக்கோ ரூபாயில்தான் பில் வரும். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நின்று கணக்கை முடித்துவைக்கும் நிறுவனத்தை நெட்வொர்க் என்கிறோம். விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ரூபே ஆகியவை நெட்வொர்க்குகள். கார்டின் மூலையில் காணப்படும் சின்னம் இவற்றுள் ஒன்றினுடையது; கார்டில் பெரிதாக எழுதியிருக்கும் பெயர், கார்டை வழங்கிய வங்கியினுடையது.

பணத்தை மாற்றும் விகிதத்தைப் பொதுவாக நெட்வொர்க்தான் நிர்ணயிக்கிறது. விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் அன்றாட விகிதங்களைத் தத்தம் இணையதளங்களில் வெளியிடுகின்றன. அங்குள்ள கணிப்பானில் நாளையும் நாணயத்தையும் இட்டால் எவரும் பார்த்துக்கொள்ளலாம். வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகைகளைப் பரிமாறிக்கொள்ளும் மொத்தச் சந்தை விலைக்கு இந்த விகிதம் மிக நெருக்கமாகவே இருக்கும். சில்லறையாகப் பணம் மாற்றும் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த விலை கிடைப்பது அரிது. இணையத்தில் தேடினால் வரும் விகிதத்துக்கும் இதற்கும் சிறு வேறுபாடு இருக்கும். அதுதான் முன்னே சொன்ன, தவிர்க்க முடியாத சிறிய செலவு. சில கார்டுகளில் டாலர் அல்லாத நாணயங்கள் முதலில் அமெரிக்க டாலராகவும் பிறகு ரூபாயாகவும் மாற்றப்படுவதுண்டு. அப்போது இந்த வேறுபாடு சற்றே கூடலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பொருள் வாங்கிய நொடியில் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியிலுள்ள தொகையும், மாத ஸ்டேட்மென்டில் வரும் தொகையும் சில சமயம் ஒத்துப்போவதில்லை. முதலாவது, அந்த நேரத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட தொகை. கடையின் வங்கி அந்தக் கணக்கை நெட்வொர்க்குக்கு அனுப்பி, அது முடித்துவைக்கப்படுவதற்கு ஓரிரு நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் விகிதம் நகர்ந்திருக்கும். இதில் வங்கியின் சூழ்ச்சி எதுவும் இல்லை.

மார்க்கப்பும் அதன்மீது வரியும்

நெட்வொர்க் தந்த ரூபாய்த் தொகையின்மீது, கார்டை வழங்கிய வங்கி தன் பங்காகச் சேர்க்கும் கட்டணத்துக்கு மார்க்கப் என்று பெயர். ஃபாரெக்ஸ் கட்டணம் என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவது இதுதான். நகைக் கடைப் பில்லில் சேதாரம் நிற்கும் இடத்தில் இது நிற்கிறது. இந்தியாவில் பெரும்பாலான சாதாரண கிரெடிட் கார்டுகளில் மார்க்கப் 3.5 சதவீதம். உயர்நிலைக் கார்டுகள் பலவற்றில் அது 2 சதவீதம் அளவுக்குக் குறையும். இந்தக் கட்டணம் ஒரு சேவைக்கானது என்பதால் அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பொருளின் விலை முழுவதற்கும் அன்று, மார்க்கப் தொகைக்கு மட்டுமே இந்த வரி. ஆக, 3.5 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது நம் பையிலிருந்து போகும்போது 4.13 சதவீதமாகிறது, 2 சதவீதம் என்பது 2.36 ஆகிறது.

நமது சிங்கப்பூர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, நெட்வொர்க்கின் விகிதப்படி ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று கொள்வோம். 200 டாலருக்கு 14,000 ரூபாய். மார்க்கப் 490 ரூபாய். அதன்மீது ஜிஎஸ்டி 88 ரூபாய் 20 காசு. மொத்தம் 14,578 ரூபாய் 20 காசு. மார்க்கப் இல்லாத கார்டில் இதே பொருள் 14,000 ரூபாயோடு முடியும்.

பலர் இந்தக் கட்டணத்தைக் கவனிக்காமலே போவதற்கு ஸ்டேட்மென்டின் அமைப்பும் ஒரு காரணம். சில வங்கிகள் மார்க்கப்பைப் பொருளின் விலையோடு சேர்த்தே ஒரே வரியில் காட்டிவிடுகின்றன. வேறு சில, பயணத்தில் செய்த செலவுகள் அனைத்துக்கும் சேர்த்து மாதக் கடைசியில் "எஃப்சிஒய் மார்க்கப் ஃபீ" (எஃப்சிஒய் என்றால் அந்நிய நாணயம்) என்று ஒரே தொகையாக எழுதி, அதற்குக் கீழே ஜிஎஸ்டியைத் தனி வரியாகப் போடுகின்றன. கடையின் பெயர் இல்லாத, நாள் பொருந்தாத இந்த வரிகளை எந்தச் செலவோடு சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறோம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: விகிதம் நெட்வொர்க்கினுடையது, அது பெரும்பாலும் நியாயமானது, மார்க்கப் வங்கியினுடையது, அது வரியோடு சேர்ந்து 4 சதவீதத்தைத் தாண்டக்கூடும், ஜீரோ ஃபாரெக்ஸ் கார்டு நீக்குவது இந்த இரண்டாவதை மட்டுமே.

ரூபாயில் கட்டலாமா என்று கேட்கும் மெஷின்

விலை ஏறக்கூடிய மூன்றாவது இடத்துக்கு வருவோம். சிங்கப்பூரிலோ துபாயிலோ பாங்காக்கிலோ கடையின் கார்டு மெஷினில் கார்டை வைத்தவுடன் திரையில் சில வேளைகளில் இரண்டு தொகைகள் தோன்றும். ஒன்று உள்ளூர் நாணயத்தில் 200 சிங்கப்பூர் டாலர். மற்றொன்று ரூபாயில் 14,840. எதில் செலுத்த விருப்பம் என்று மெஷின் கேட்கும். கீழே சிறிய எழுத்தில் விகிதமும், அதில் எத்தனை சதவீதம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதும் இருக்கும். பின்னால் வரிசை நிற்கிறது. கடைப் பணியாளர் விரைவாகச் சொல்லுமாறு பார்க்கிறார். நமக்குப் பழகிய ரூபாய்க் குறியைக் கண்டதும் விரல் அங்கேதான் போகும். எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடுகிறது, இனி எந்த மாற்றுக் கட்டணமும் வராது என்ற நிம்மதி வேறு.

இந்த ஏற்பாட்டுக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி, என்று பெயர். பணத்தை நம் ஊர் நாணயமாக மாற்றும் வேலையை நெட்வொர்க்கிடம் விடாமல், கடையின் வங்கியோ அதற்குச் சேவை செய்யும் நிறுவனமோ கடையிலேயே செய்து முடித்துவிடுவதுதான் அது. விகிதத்தை அவர்களே வைக்கிறார்கள். அதில் கிடைக்கும் ஆதாயத்தில் கடைக்கும் பங்கு உண்டு என்பதால்தான் சில கடைகளில் பணியாளரே நம்மைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுகிறார். நெட்வொர்க்குகளின் விதிப்படி இந்தத் தேர்வு கார்டு வைத்திருப்பவருடையது. கேட்காமல் அழுத்தப்பட்டால் அந்த இடத்திலேயே ரத்து செய்து மீண்டும் போடச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. கூச்சப்படத் தேவையில்லை.

மேலே கண்ட 14,840 ரூபாய், நெட்வொர்க் விகிதத்தைவிட 6 சதவீதம் அதிகம் என்ற கற்பனைக் கணக்கு. நடைமுறையில் இது கடைக்குக் கடை மாறும். 6 சதவீதத்துக்கு மேல் போவதும் உண்டு. இத்துடனும் கதை முடிவதில்லை. ரூபாயில் செலுத்தியிருந்தாலும், வெளிநாட்டுக் கடையில் செய்த செலவு என்ற காரணத்துக்காக இந்திய வங்கிகள் பல 1 சதவீதம் அளவுக்குத் தனிக் கட்டணம் விதிக்கின்றன, அதன்மீதும் ஜிஎஸ்டி. அப்படியானால் 148 ரூபாய் 40 காசும், வரியாக 26 ரூபாய் 71 காசும் சேர்ந்து மொத்தம் 15,015 ரூபாய் ஆகிறது.

இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3.5 சதவீத மார்க்கப் உள்ள சாதாரண கார்டில் சிங்கப்பூர் டாலரைத் தேர்ந்தெடுத்தவர் 14,578 ரூபாய் கட்டுகிறார். மார்க்கப்பே இல்லாத கார்டில் ரூபாயைத் தேர்ந்தெடுத்தவர், வங்கியின் 1 சதவீதம் இல்லாவிட்டாலும்கூட, 14,840 ரூபாய் கட்டுகிறார். ஜீரோ ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருந்தவருக்குத்தான் இழப்பு. சேதாரம் இல்லாத கடையில் கிராம் விலையைப் பார்க்காமல் வாங்கியவரின் நிலை இது.

ஆகவே விதி எளியது: வெளிநாட்டில் எந்த மெஷின் கேட்டாலும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏடிஎம் திரையில் இதே கேள்வி வேறு வடிவில் வரும். இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும். மறுத்தால் பணமே வராது என்று அஞ்சிப் பலர் ஏற்றுவிடுகிறார்கள். மாற்றத்தை மறுத்தாலும் பணம் வரும், உள்ளூர் நாணயத்தில் கணக்கிடப்பட்டு வரும். விடுதி முன்பதிவுத் தளங்களும் விமான நிறுவனத் தளங்களும் தாமாகவே ரூபாய் விலையைக் காட்டும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த ரூபாய் விலையை உள்ளூர் நாணய விலையோடு ஒப்பிட்ட பிறகே பணம் செலுத்துவது நல்லது.

பயணம் போகாதவருக்கும் உண்டு

மார்க்கப் என்றால் விமானம் ஏறுகிறவர்களின் கவலை என்று நினைப்பது பரவலான தவறு. கட்டணம் எந்த நாணயத்தில் விதிக்கப்படுகிறது என்பதே கணக்கு. நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இதில் கணிசமாக இழக்கிறார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 90 டாலர் வீதம் 8 பல்கலைக்கழகங்களுக்குக் கட்டினால் 720 டாலர். டாலர் 90 ரூபாய் என்று கொண்டால் 64,800 ரூபாய். இதில் 4.13 சதவீதம் என்பது 2,676 ரூபாய். மதுரையிலோ கோவையிலோ வீட்டு மேசையில் அமர்ந்தபடி, அப்பாவின் கார்டில், தெரியாமலே போகும் பணம் இது. டாலரில் மாதச் சந்தா வாங்கும் மென்பொருள்கள், வெளிநாட்டு இணையக் கடைகள், கருத்தரங்குப் பதிவுக் கட்டணங்கள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

ரூபாயில் விலை காட்டும் சில தளங்களின் நிறுவனம் வெளிநாட்டில் பதிவாகியிருக்கும். அவற்றுக்குச் செலுத்தும்போது, முன்னே சொன்ன அந்த 1 சதவீதக் கட்டணம் வந்து ஒட்டிக்கொள்ளும். "ரூபாயில்தானே கட்டினேன், இது எதற்கு?" என்று வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைப்பவர்களில் பலருடைய புதிருக்கு விடை இதுதான்.

டிசிஎஸ் என்பது வேறு

ஃபாரெக்ஸ் கட்டணத்தோடு அடிக்கடி கலந்து பேசப்படும் இன்னொன்று, டிசிஎஸ் எனப்படும், மூலத்திலேயே வசூலிக்கப்படும் வரி. இது வங்கியின் கட்டணமன்று, வருமான வரித் துறைக்குப் போகும் முன்பணம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பவோ அங்கே செலவழிக்கவோ ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டத்தை எல்ஆர்எஸ் என்கிறார்கள். அந்தத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில், கல்வி, மருத்துவம் அல்லாத பெரும்பாலான செலவுகளுக்கு 20 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கப்படுகிறது. இந்த வரம்பு முன்பு 7 லட்சமாக இருந்து, 2025 ஏப்ரல் 1 முதல் உயர்த்தப்பட்டது.

வெளிநாட்டில் இருக்கும்போது செய்யும் கிரெடிட் கார்டு செலவையும் இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவர 2023 மே மாதம் அரசு அறிவிக்கை வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பவே, 2023 ஜூன் 28 அன்று அதை ஒத்திவைத்தது. அந்த ஒத்திவைப்பு நீடிக்கும் வரை, வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செலவழித்ததற்கு டிசிஎஸ் இல்லை. டெபிட் கார்டும், முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டும் எல்ஆர்எஸ் கணக்கில் சேரும். ஆயினும் 10 லட்சத்தைத் தொடாத குடும்பச் சுற்றுலாவுக்கு அதனால் பாதிப்பில்லை. பிடிக்கப்பட்ட டிசிஎஸ்ஸும் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளக்கூடியது, தேவையெனில் திரும்பப் பெறக்கூடியது. கட்டிய மார்க்கப் அப்படித் திரும்பி வராது.

மீண்டும் சேர்த்துச் சொன்னால்: மார்க்கப் வங்கிக்கும், டிசிசி ஆதாயம் கடைத் தரப்புக்கும், டிசிஎஸ் அரசுக்கும் போகின்றன. இவற்றுள் முதலாவதைக் கார்டைத் தேர்ந்தெடுப்பதன் மூலமும், இரண்டாவதைப் பொத்தானைத் தேர்ந்தெடுப்பதன் மூலமும் தவிர்க்கலாம்.

கார்டைத் தேர்ந்தெடுத்தல்

மார்க்கப் இல்லாதவை என்று அறிவிக்கப்பட்ட கார்டுகள் இந்தியாவில் ஒரு கை விரல்களின் எண்ணிக்கைக்கு மேலேயே இருக்கின்றன. ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியின் வாவ், மயூரா, ஃபெடரல் வங்கியுடன் இணைந்து வரும் ஸ்கேப்பியா, ஆர்பிஎல் வங்கியின் வேர்ல்டு சஃபாரி, ஏயூ ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கியின் இக்ஸிகோ ஆகியவை பலரும் அறிந்தவை. இவற்றுள் வாவ், நிலையான வைப்பை ஈடாக வைத்து வழங்கப்படுவது. சம்பளச் சீட்டோ நீண்ட கடன் வரலாறோ இல்லாத மாணவருக்கும் ஓய்வுபெற்றவருக்கும் கிடைக்கும் என்பதால், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஏற்றது என்பது என் எண்ணம். ஆனால் இத்தகைய பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. கார்டுகளின் சலுகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. சென்ற ஆண்டு எழுதப்பட்ட பரிந்துரையை நம்பி விண்ணப்பிப்பதைவிட, வங்கியின் ஆவணத்தை நேரில் பார்ப்பதே சரி.

அந்த ஆவணத்துக்கு எம்ஐடிசி என்று பெயர். மிக முக்கியமான விதிகளும் நிபந்தனைகளும் என்று பொருள். கார்டு வழங்கும் ஒவ்வொரு நிறுவனமும் இதை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் இணையதளத்தில் கோப்பாகக் கிடைக்கும். விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு இதைத் திறந்து, மூன்று இடங்களைத் தேட வேண்டும். அந்நிய நாணயப் பரிமாற்றத்துக்கான மார்க்கப் எவ்வளவு என்பது முதலாவது. வெளிநாட்டில் ரூபாயில் செய்யும் பரிமாற்றத்துக்குக் கட்டணம் உண்டா என்பது இரண்டாவது. வெளிநாட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் என்ன என்பது மூன்றாவது. ஏற்கெனவே கையிலிருக்கும் கார்டுக்கும் இதைச் செய்து பார்க்கலாம். ஒருவேளை புதிய கார்டே தேவைப்படாது.

ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டானால் ஒரு சிறு வகுத்தல் கணக்கு உதவும். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய் என்றால், ஜிஎஸ்டியோடு 3,540. சாதாரண கார்டில் போயிருக்கும் 4.13 சதவீதத்தை இது மிச்சப்படுத்துகிறது. 3,540 ரூபாய் மிச்சமாக வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 86,000 ரூபாயை அந்நிய நாணயத்தில் செலவழிக்க வேண்டும். அதற்குக் குறைவாகச் செலவழிப்பவருக்கு, கார்டின் மற்ற சலுகைகளைக் கணக்கில் எடுக்காதபோது, இந்தக் கார்டு நட்டமே. மூன்றாண்டுக்கு ஒருமுறை இலங்கைக்கோ மலேசியாவுக்கோ சென்று வருகிறவர், ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டைப் பார்ப்பதே அறிவுடைமை.

வெகுமதிப் புள்ளிகளின் கணக்கு சற்றுச் சிக்கலானது. 2 சதவீத மார்க்கப் உள்ள ஓர் உயர்நிலைக் கார்டு, வெளிநாட்டுச் செலவுக்கு 3 சதவீத மதிப்புள்ள புள்ளிகளைத் தருமானால், 2.36 சதவீதம் கட்டி 3 சதவீதம் பெறுகிறோம். மார்க்கப் இல்லாத, ஆனால் புள்ளியும் தராத கார்டைவிட இது மேல். எனினும் மார்க்கப் பணமாகப் போகிறது, புள்ளி புள்ளியாக வருகிறது. அந்தப் புள்ளியை உண்மையிலேயே பயன்படுத்தி விமான டிக்கெட் எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். மற்றவர்கள் இதை நம்பாமல் இருப்பதே நல்லது.

நெட்வொர்க்கையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ரூபே கார்டுகள் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், ஜேசிபி ஆகியவற்றுடனான உடன்பாட்டின் மூலம் வெளிநாடுகளில் ஏற்கப்படுகின்றன. ஆனால் விசா, மாஸ்டர்கார்டு அளவுக்கு எல்லாக் கடைகளிலும் அல்ல. எந்தக் கார்டானாலும், வேறு நெட்வொர்க்கில் இரண்டாவது ஒன்றையும் தனியாக ஓர் இடத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சுழியம் செல்லாத இடங்கள்

மார்க்கப் இல்லை என்ற வாக்குறுதி, கடையில் பொருள் வாங்குவதைப் பற்றியது. கிரெடிட் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது கடன் வாங்குவதற்குச் சமம். அதற்கு எடுக்கும் தொகையில் 2.5 சதவீதம் அளவிலும், குறைந்தபட்சமாகச் சில நூறு ரூபாயும் கட்டணம் விதிப்பது பல வங்கிகளின் வழக்கம். அன்றைய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். வழக்கமான வட்டியில்லாக் காலம் இதற்குக் கிடையாது. சில கார்டுகள் இதில் சலுகை தருகின்றன என்றாலும் அதுவும் எம்ஐடிசியில் எழுதியிருந்தால்தான் உண்டு. கையில் ரொக்கம் தேவைப்படும் ஊர்களுக்குப் போகிறவர்கள், சிறிது நோட்டாக ஊரிலேயே மாற்றிக்கொண்டு போவதோ, கட்டணம் குறைவான டெபிட் கார்டைக் கொண்டுபோவதோ நல்லது.

மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவருக்கு இந்தக் கட்டுரை முழுவதுமே பயனற்றது. மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டிய வட்டி, மிச்சப்படுத்திய மார்க்கப்பை ஒரே மாதத்தில் விழுங்கிவிடும்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போதும் ஓர் இழப்பு உண்டு. வாங்கிய நாளின் விகிதத்தில் பற்று வைக்கப்பட்டது, திருப்பிய நாளின் விகிதத்தில் வரவு வைக்கப்படும். மார்க்கப் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. விடுதிகளும் வாடகைக் கார் நிறுவனங்களும் முன்வைப்பாகக் கேட்கும் தொகையை, கார்டில் ஒதுக்கி மட்டும் வைக்கப் போகிறார்களா, பற்று வைத்துப் பின்னர் திருப்பப் போகிறார்களா என்று கேட்டுக்கொள்வது இதனால்தான்.

புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும்

புதிதாகப் பெற்ற கார்டு வெளிநாட்டில் வேலை செய்யவில்லை என்ற புகார் அடிக்கடி கேட்கிறது. பல நேரங்களில் கார்டில் குறை இருக்காது. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, கார்டுகள் வழங்கப்படும்போது இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் பயன்படுத்த மட்டுமே திறந்துவிடப்பட்டிருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளர் தாமே வங்கியின் செயலியில் இயக்க வேண்டும். அங்கேயே நாள் வரம்பையும் வைத்துக்கொள்ளலாம். இதை விமானம் ஏறும் முன்பே, இந்தியக் கைப்பேசி எண் வேலை செய்யும்போதே, செய்துவிட வேண்டும். வெளிநாட்டு இணையதளங்கள் பல ஓடிபி கேட்காமலே கார்டில் பணம் எடுத்துவிடக்கூடியவை என்பதால், ஊர் திரும்பியதும் அந்த வசதியை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

திரும்பி வந்து ஸ்டேட்மென்ட் கைக்குக் கிடைத்ததும், பெரிய தொகைகள் இரண்டை மட்டும் எடுத்துச் சரிபார்த்தால் போதும். நெட்வொர்க்கின் இணையதளக் கணிப்பானில் நாள், நாணயம், தொகை ஆகியவற்றை இட்டு, வங்கிக் கட்டணம் என்ற கட்டத்தில் 0 என்று போட வேண்டும். வரும் தொகை ஸ்டேட்மென்டோடு ஏறத்தாழ ஒத்துப்போனால் கார்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. ஓரிரு நாள் முன்பின்னாக இட்டுப் பார்த்தும் 3, 4 சதவீதம் இடித்தால் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. பில்லில் ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தால் டிசிசி நடந்திருக்கிறது. வங்கியைக் குறை சொல்ல இடமில்லை, நம்மைக் கேட்காமல் அது செய்யப்பட்டிருந்தால் மட்டும் அந்தப் பில்லோடு வங்கியிடம் மறுப்புத் தெரிவிக்கலாம். பில் உள்ளூர் நாணயத்தில் இருந்து தொகை மட்டும் கூடியிருந்தால், எம்ஐடிசியின் அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். கார்டு தரும்போது வெளிப்படையாகத் தெரிவிக்காத கட்டணத்தை, வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் விதிக்கக் கூடாது என்பதும், கட்டணத்தை மாற்றினால் ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியே முறையிடலாம். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.